முதல் பைக்: குறைந்த செலவில் வாங்குவதும் வைத்து ஓட்டுவதும்

நூறு சிசி வண்டியில் தேய்வதும் ஆயிரம் சிசி வண்டியில் தேய்வதும் ஒரே சாமான்கள்தான்: இரண்டு டயர், ஒரு செயின், பிரேக் பேடு, கொஞ்சம் ஆயில். பார்சல் கொண்டுபோகிறவரும் அறுவைசிகிச்சை மருத்துவரும் ஒரே பட்டறை வாசலில் நின்று "செயின் எவ்வளவு தொங்கலாம்?" என்று கேட்பது அதனால்தான். பைக்கில் பாதி இயந்திரம் வெளியிலேயே தெரிகிறது. எது தேய்ந்தது, எது கசிகிறது என்று பார்க்க யாருடைய தயவும் வேண்டாம்.

1958-இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோது அதன் கணக்கும் இதுதான். 49 சிசி, ஒற்றை சிலிண்டர், இடது கையால் கிளட்ச் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத கியர். கடைப் பையனும் ஓட்டலாம், முதலாளியும் ஓட்டலாம். 2017-க்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. எந்த இயந்திர வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஆனால் பைக் மலிவு என்பது பாதி உண்மை. உள்ளே நுழைவது மலிவு. தவறான வண்டியை வாங்கினாலோ, செயினைக் கவனிக்காமல் விட்டாலோ மிச்சம் பிடித்ததெல்லாம் ஆறு மாதத்தில் பட்டறைக்குப் போய்விடும். பழைய வண்டியைப் பார்த்து வாங்கி, செலவு ஏறாமல் வைத்துக்கொள்வதற்கான வழிகள் இங்கே.

பணத்தை முதலில் பிரியுங்கள்

கையில் இருப்பதைப் பத்துப் பங்காக்குங்கள். ஆறு பங்கு வண்டிக்கு. இரண்டு பங்கு ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், காலணிக்கு. இரண்டு பங்கு முதல் மாத வேலைகளுக்கும் பெயர்மாற்றம், காப்பீட்டுக்கும். பத்துப் பங்கையும் வண்டியிலேயே போட்டுவிட்டு மொட்டை டயரோடும் இரவல் ஹெல்மெட்டோடும் ஓட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. கொஞ்சம் சிறிய வண்டியாகப் பார்த்தாலே இந்தக் கணக்கு சரியாகிவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. பழைய பெரிய வண்டிகள் சில சமயம் புதிய சின்ன வண்டியின் விலைக்கே கிடைக்கும். வாங்கும் விலை இறங்கியிருக்கும். உதிரிபாகத்தின் விலை இறங்கியிருக்காது. நான்கு சிலிண்டர் என்றால் நான்கு பிளக், பெரும்பாலும் பதினாறு வால்வு. மென்மையான ரப்பரில் செய்த அகலமான பின் டயர் பத்தாயிரம் கி.மீ.க்கு முன்பே முடிந்துவிடலாம். சாதாரண நூறு சிசி வண்டியின் டயர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் தினசரி வேலைக்குச் சின்ன வண்டி ஒன்றையும் வைத்திருப்பது விளையாட்டுக்கு அல்ல.

முதல் வண்டிக்கு 100 முதல் 160 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின் போதும். எந்த மாடல் அதிகம் விற்றதோ அதை எடுங்கள். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ளதும் இல்லாததும் பக்கம் பக்கமாகக் கிடைத்தால், இரண்டு வருடம் பழையதாக இருந்தாலும் ஏபிஎஸ் உள்ளதை எடுங்கள். பெட்ரோலை என்ஜினுக்குள் அனுப்புவது கார்புரேட்டரா, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனா என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம், ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் குளிரிலும் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், ஆனால் பேட்டரி செத்தால் கிக்கர் இருந்தும் பெரும்பாலும் பயனில்லை.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். ஈரம் பட்ட வண்டியில் கீறலும் தெரியாது, ஆயில் கசிவும் தெரியாது. "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சுட்டால், ஸ்டார்ட்டிங் தகராறை மறைக்க முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கலாம். ஆறும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வாருங்கள்.

அடுத்து எண்கள். சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்துச் சட்டத்திலும் (ஃபிரேம்), என்ஜின் எண் என்ஜினின் கீழ்ப்பகுதியிலும் பொறித்திருக்கும். பதிவு ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் மேலும் கீழுமாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் அரம் போட்ட தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கடன் பாக்கி, அபராத பாக்கி இல்லை என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் உறுதி செய்யுங்கள்.

இனி வண்டி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல ஒரு சின்னத் தடை தெரிந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. நேராக ஓடும் நேரம் அதிகம் என்பதால் குண்டுகள் அந்த நடு இடத்திலேயே அடித்து அடித்துப் பள்ளம் பறித்துவிடும். பிறகு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்முனை இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள்; "டக்" என்று அசைந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் துரு இருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் சீக்கிரமே கிழிந்துவிடும்.

விழுந்த வண்டியா என்பதை லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, என்ஜின் கவர் மூன்றும் சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் நின்ற இடத்தில் சாய்ந்திருக்கும், பயப்பட வேண்டாம். ஹேண்டில் முழுவதும் திரும்பும்போது சட்டத்தில் இடித்து நிற்கும் முட்டு ஒன்று உண்டு. அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் விழுந்தது வேகத்தில். ஹேண்டில் தண்டுக்குக் கீழே சட்டத்தின் பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். பத்தடி பின்னால் போய்க் குனிந்து பாருங்கள்: ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

பின் சக்கரத்தின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு பேனாவை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால் ரிம் கோட்டம் தெரியும். செயின், பின் ஸ்ப்ராக்கெட்டின் (பல்சக்கரத்தின்) கடைசி முனையில் படிந்திருக்கும் இடத்தில் அதை விரலால் பின்பக்கம் இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் முழுவதும் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தரையில் படும் பட்டன் நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருடத்து ரப்பர் கெட்டிப்பட்டு ஈரச் சாலையில் வழுக்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த என்ஜினில் முதலில் வரும் மெல்லிய வெள்ளைப் புகை வெறும் நீராவி, ஓரிரு நிமிடத்தில் நிற்கும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சற்று நேரம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வு சீல். ஓட்டும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவது நடுத்தரச் செலவு, இரண்டாவது பெரிய செலவு. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெறும் ஏர் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம். மேலே "டிக் டிக்" என்ற மெல்லிய சத்தம் வால்வுடையது, பரவாயில்லை. கீழே ஆழத்திலிருந்து "டொக் டொக்" என்று வந்து, வேகம் ஏற ஏற அதுவும் ஏறினால் கனெக்டிங் ராட் பேரிங். விட்டுவிடுங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பு இயல்பு. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயிலில் மினுமினுத்தால் உலோகத் தூள். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துருவையும் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி முனைகளில் வையுங்கள்: ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் கொடுத்து வைத்திருக்கும்போது 13.5 முதல் 14.5 வரை. ஓடும்போது 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் தீராது.

ஓட்டிப் பார்க்கும்போது காலியான சாலையில் டாப் கியரில் நிதானமாகப் போய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருப்புங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முன் பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது லீவர் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. ஓடிய கி.மீ. எண்ணை நம்ப வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கைப்பிடியும் மழமழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 12,000 காட்டினால் ஏதோ சரியில்லை.

டயர், செயின் செட், பேட்டரி, பிரேக் பேடு இவை கெட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கடையில் விலை கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். வண்டிச் சட்டத்தின் சேதம், என்ஜினின் அடிச் சத்தம், எண் பொருந்தாமை மூன்றிலும் பேரமே கூடாது.

தலைக்கு

1935-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ், அந்தக் காலத்தில் மிக விலையுயர்ந்த பைக்குகளில் ஒன்றான ப்ரஃப் சுப்பீரியரில் போய் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ், பின்னர் தகவல் கொண்டுபோகும் ராணுவ பைக் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் பணியில் பைக் ஓட்டுவோருக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட்டால் உயிரிழப்பு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைவதாகக் கண்டது.

அங்கீகாரம் பெற்ற மலிவான ஹெல்மெட், பொருந்தாத விலையுயர்ந்த ஹெல்மெட்டைவிட மேல். போட்டதும் கன்னம் இரண்டும் அமுங்க வேண்டும், நெற்றியில் ஒரே இடத்தில் குத்தக் கூடாது. கால் மணி நேரம் கடையிலேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள். வாரைக் கட்டிவிட்டுப் பின்னாலிருந்து மேல்நோக்கி உருட்டித் தள்ளினால் கழன்று வரக் கூடாது. புதிது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், உள்பஞ்சு நாளடைவில் அமுங்கிவிடும். பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம்: அடி வாங்கிய உள் தெர்மோகோல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கட்டும், விழும்போது முதலில் ஊன்றுவது அதைத்தான். காலணி கணுக்காலை மூட வேண்டும்.

வாங்கிய முதல் வாரம்

முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும் என்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். இந்த அளவு வண்டிகளுக்குச் சுமார் ஒரு லிட்டர். சரியான அளவும் கெட்டித்தன்மையும் கையேட்டில் இருக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் கலவை சேர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, வடிகால் போல்ட்டைக் கழற்றி முழுதும் வடியவிடுங்கள். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் நான்கைந்து சுற்று கையால் மட்டும். அடிப்பகுதி அலுமினியம், போல்ட் இரும்பு. ஸ்பேனரை வைத்து முழுப் பலத்தையும் காட்டினால் மரை கழன்று, ஒரு லிட்டர் ஆயில் வேலை பெரிய வேலையாகிவிடும். அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் அல்ல.

டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு மேல் போனால் நீண்ட இறக்கத்தில் சூடேறி, லீவர் பஞ்சுபோல உள்ளே போகும். பேடில் உராயும் பகுதி 2 மி.மீ.க்குக் கீழே வந்ததும் மாற்றிவிடலாம். ஏர் ஃபில்டர் ஃபோம் வகையென்றால் கழுவி, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செயின்

சின்ன வண்டியிலும் பெரிய வண்டியிலும் காசு வீணாவது அதிகம் இங்கேதான். 500 முதல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே, கவனியுங்கள்.

என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். கியரில் ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பது கொஞ்சம் வேகமான வழிதான், ஆனால் ஆபத்தானது. துணி மாட்டினால் விரலும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுவதே முறை.

மண்ணெண்ணெய் தொட்ட துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் துடையுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். ஓ-ரிங் செயின் என்றால் ரப்பர் வளையங்கள் கெட்டு, உள்ளே கம்பெனியில் அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும். அதன்பிறகு எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் உள்ளே போகாது. காய்ந்ததும் செயின் எண்ணெயைக் கீழ் ஓட்டத்தின் (இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே கீழே ஓடும் பகுதியின்) உள்பக்கத்தில் விடுங்கள், சுற்றும்போது தானாக வெளிப்பக்கம் பரவும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது, அதுவும் இரவில் செய்வது நல்லது. காலைக்குள் எண்ணெய் ஊறியிருக்கும்.

அடுத்து தொங்கல். கீழ் ஓட்டத்தின் நடுவில் ஸ்கேலை வைத்து, விரலால் மேலும் கீழும் தள்ளி மொத்த அசைவை அளவிடுங்கள். சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டிக்கான எண் பெரும்பாலும் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தின் கணக்கை எடுங்கள்.

அதிகம் தொங்கினால்: ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். டிரம் பிரேக் என்றால் அதன் டார்க் ராடின் (பிரேக் தட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் கம்பியின்) நட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். இரண்டு பக்கமும் குறி ஒரே கோட்டில் வர வேண்டும்; ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணிப்போய் ஸ்ப்ராக்கெட் ஒரு பக்கமாகத் தேயும். நட்டை இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். டிரம் பிரேக்கில் சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் பெடல் பிடிப்பதற்கு முன் சும்மா இறங்கும் தூரமும் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடி பெட்ரோலைக் குடிக்கும். பிரேக் லைட் எரிவதும் அணைவதும் சரியா என்று கடைசியில் பாருங்கள்.

"கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டும்" என்பது தவறான எண்ணம். ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் மேலே எழும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. நின்றபோதே இறுக்கமாக இருந்த செயின், பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், இறுகிய செயின் சத்தமே போடாமல் செலவு வைக்கும். மாற்றும்போது செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளிப் லாக் உள்ள செயினில் கிளிப்பின் மூடிய முனை செயின் நகரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. டயர் காற்றை வாரம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன், சொந்த கேஜில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். பிளக்கைக் கழற்றினால் வெளிர் பழுப்பு நல்லது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே வருகிறது. எட்டு முதல் பதினேழு வரையான ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், காற்று கேஜ், மல்டிமீட்டர் இருந்தால் இங்கே சொன்னதில் முக்கால்வாசி கையாலேயே முடியும்.

கலவையான கூட்டத்தோடு ஓட்டும்போது

வண்டி கைக்கு வந்ததும் கூட்டத்தோடு நெடும்பயணம் போகும் ஆசை வரும். கூட்டத்தில் 110 சிசியும் இருக்கும், 1,200 சிசியும் இருக்கும். சின்ன வண்டியை வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவதாக விடுங்கள். வேகத்தை அதுதான் தீர்மானிக்கும். கடைசியில் விட்டால் இடைவெளியைப் பிடிக்க முழு ஆக்ஸிலேட்டரில் விரட்டிக்கொண்டே இருப்பார், தவறு நடப்பது அப்போதுதான். நேர்ச்சாலையில் இடம் வலமாக மாறி மாறிச் செல்லுங்கள்: பக்கவாட்டில் முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. வளைவில் ஒற்றை வரிசை. வேறு சாலைக்குத் திரும்பும் இடத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். பெட்ரோல் நிறுத்தத்தைச் சின்ன டேங்க் உள்ள வண்டியை வைத்துக் கணக்கிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் யார் வண்டியில் டியூப் டயர், யார் வண்டியில் டியூப்லெஸ் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பஞ்சர் கிட்டின் ரப்பர் திரி டியூப்லெஸ்ஸுக்கு மட்டும்தான். ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும், அதற்கு டயர் லீவரும் அந்த அளவு மாற்று டியூபும் கடைசியில் வருபவரின் பையில் இருக்க வேண்டும்.